சல்லிக் கரையில் கேட்காமல் போன குரல்

திருகோணமலைத் துறைமுகத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தை பெருமை பேசவில்லையே! எங்கள் மதுரையில் வைகைக்கு முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே பாலத்தின் மேல் கூட்டம் கூடிவிடும். இங்கே மலைகள் வளைந்து நின்று கடலை உள்ளங்கையில் ஏந்தி வைத்திருக்கின்றன. கப்பல்கள் அசையாமல் நிற்கின்றன. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெரியவரோ, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாண் வாங்கக் கியூவில் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாண் என்றால் ரொட்டி. நான் வாயைப் பிளந்தபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையில் எதற்கும் தட்டுப்பாடு. அரிசிக்கும் மாவுக்கும் கூப்பன், சீனிக்கும் கூப்பன், கூப்பனைக் காட்டினாலும் கடையில் சீனி இருக்காது. அந்த ஊருக்கு நான் போனதோ, சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச. என் ராசி அப்படி.

என்னைக் கூப்பிட்டவள் பிலோமினா. ஒரு காலத்தில் மதுரையில் என்னோடு நர்ஸ் படிப்புப் படித்தவள். திருகோணமலையில் மாதா கோயில் பக்கத்தில் வீடு, ஊர் முழுக்க அவளைத் தெரியும். நர்ஸை இங்கே மிசி என்கிறார்கள். இத்தனை வருஷப் பழக்கத்துக்குப் பிறகும் என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவாள். "உம்மட காதுப் பெட்டியோட ஒருக்கா வந்து போமன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

காதுப் பெட்டி என்றது காது சோதிக்கும் கருவியை. ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் என் பாதி ஆயுள் போயிற்று. சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, கேட்டால் விரலைத் தூக்கு என்பதுதான் வேலை. சர்க்கரைக்காரர்கள் தடித்த சத்தத்துக்கு டக்கென்று விரல் தூக்குவார்கள். மெல்லிய, கீச்சென்ற சத்தம் வந்தால் சும்மா இருப்பார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் கவனிக்காமல் விட முடியாத அளவுக்கு. எங்கள் டாக்டர்களில் சிலர் "இருக்கலாம்" என்பார்கள், சிலர் "வயசும்மா" என்று தள்ளிவிடுவார்கள். சர்க்கரையால் கண் போகும், கால் போகும் என்று ஊருக்கே தெரியும். காதும் போகலாம் என்று சொன்னால்தான் சிரிக்கிறார்கள்.

மறுநாள் சல்லிக்குப் போனோம். ஊருக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமம். முத்துமாரி அம்மன் கோயில், பனைகள், கருவாடு காயும் வெள்ளை மணல், எங்கு பார்த்தாலும் சைக்கிள். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை ஒழித்துக் கொடுத்தார்கள். நாற்காலி போட்டு, பெட்டியைத் திறந்து, காத்திருந்தோம். சீழ் வடியும் காதோடு நாலைந்து பிள்ளைகள் வந்தார்கள். பெரியவர்கள் ஒருவரும் இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்த ஒருவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டேன்.

"எங்கட ஊரில செவிடர் இல்லை, அம்மா" என்றார் அவர்.

"சரி, சர்க்கரை வியாதி?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சீனி வருத்தமோ? சீனியைக் கண்ணால கண்டே கன காலம். அது கொழும்பில இருக்கிற காசுக்காரருக்கு வாற வருத்தம்!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பிலோமினா என் முழங்கையைக் கிள்ளினாள்.

மத்தியானம் போல ஒரு பெண் வந்தாள், சோதிக்க அல்ல, பிலோமினாவிடம் சொல்லிக்கொண்டு போக. ராசம்மா என்று பெயர். நாற்பது சொச்சம் வயது, மெலிந்த உடம்பு, குயில் மாதிரி மெல்லிய குரல். அவளுடைய சேலை துணிமணி எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக் கையில் இருந்தது. தோப்பூரில் வயல் செய்கிற தமையன் வீட்டுக்குப் போகிறாளாம். திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம்.

"புருஷன் பெயர் என்னம்மா?" என்று கேட்டேன். அவள் சுவரில் தொங்கிய முருகன் படத்து மயிலைச் சுட்டிக் காட்டினாள். பிலோமினாதான் சொன்னாள், மயில்வாகனம் என்று. கட்டியவன் பெயரை வாயால் சொல்வதில்லை. கோபித்துக்கொண்டு போகிற நேரத்திலும் அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை.

"என்ன நடந்தது, ராசம்மா?" என்றாள் பிலோமினா.

"என்னத்தைச் சொல்லுறது மிசி. கடல் இரையிறது அவருக்குக் கேக்குது. சம்மாட்டியார் கூப்பிட்டாக் கேக்குது. கோயில் மேளம் கேக்குது. நான் கூப்பிட்டால் மட்டும் கேக்காது. போன மாசம் காய்ச்சலில கிடந்து தண்ணி கேட்டனான். முற்றத்தில கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு இருந்தவர், திரும்பியும் பாக்கேல்லை. ஒருக்கா இல்லை, திருப்பித் திருப்பிக் கேட்டனான். பக்கத்து வீட்டு மனிசிதான் ஓடி வந்து தண்ணி தந்தவ. ஒரு மனிசருக்கு இதைவிட வேற என்ன வேணும்?"

அழவில்லை அவள். அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதை நான் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். கடல் கேட்கும், மேளம் கேட்கும், வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் குரல் கேட்கும், மெல்லிய குரல் மட்டும் கேட்காது. பெட்டிக்கு முன்னால் பல வருஷம் நான் பார்த்த கதை அல்லவா இது?

அன்று பிலோமினா வீட்டில் புட்டும் பாரைமீன் குழம்பும். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்தக் குழம்பு அப்படி இறங்கியது, பொய் சொல்லக் கூடாது.

விடிந்ததும் அந்த மயில்வாகனத்தைத் தேடிச் சல்லிக் கரைக்குப் போனோம். அங்கே நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? கரைவலை என்கிறார்கள். தோணியில் போய்க் கடலில் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். ஒவ்வொரு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள், மணலில் குதிகாலை ஊன்றிப் பின்பக்கமாகவே நடக்கிறார்கள். முன்னால் நிற்கிற ஒருவர் அம்பா பாடுகிறார். அதுதான் வலை இழுக்கிற பாட்டு. அவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று முடிக்க, அந்த முடிப்பில் எல்லா முதுகும் ஒன்றாய்ச் சாய்கிறது.

"கோணமலை ஐயா!"

"ஏலேலோ!"

"கொண்டு வா கீரிமீனை!"

"ஏலேலோ!"

எனக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் சூடாக அடிக்கிறது. கயிறு முறுக்கிப் பிழிகிறது. மீன் நிறைந்த வலைமடி கரையை நெருங்கும்போது வெள்ளியை உருக்கி ஊற்றினது போலத் தண்ணீர் முழுக்கத் துள்ளல். நான் என்னை மறந்து கை தட்டிக்கொண்டு கயிற்றுப் பக்கம் ஓடப் பார்த்தேன். பிலோமினா சேலையைப் பிடித்து நிறுத்தினாள். மடி கரை ஏறும் வரைக்கும் பெண்கள் கயிற்றுக்குக் கிட்டப் போகிற வழக்கம் இல்லையாம். கூடைகளோடு பெண்கள் எல்லோரும் தள்ளித்தான் நின்றார்கள்.

அம்பா பாடினவர்தான் மயில்வாகனம். கிட்டத்தில் பார்த்தேன். குரலுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. குரல் கோயில் மணி, உடம்பு காய்ந்த விறகு. காலில் சிப்பி கிழித்த புண், ஆறாத புண். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"வாயில என்ன?" என்று ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் முகத்துக்கு நேரே நின்று உரக்கக் கேட்டேன்.

"பனங்கட்டி" என்றார் அவர். எங்கள் ஊர்க் கருப்பட்டிதான். அம்பாக்காரனுக்குத் தொண்டை காயக் கூடாது என்று சம்மாட்டி பனங்கட்டி கொடுப்பது முறையாம். அது ஒரு மரியாதை. இழுக்கிற நேரம் முழுக்கக் கன்னத்தில் ஒரு கட்டி கரைந்துகொண்டே இருக்கும். வெறுந்தேத்தண்ணி குடிக்கும்போது கடித்துக்கொள்ள இன்னொரு கட்டி. பாலும் சீனியும் இல்லாத தேநீருக்கு அந்தப் பெயர்.

"சீனி சாப்பிடுகிறதில்லையா?"

"சீனியோ? எங்க கிடக்குது சீனி!" என்று கன்னத்துக் கட்டியை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தாகம் அதிகமா என்று கேட்டால் ஓம். ராத்திரி எழும்புகிறீர்களா என்றால் ஓம். உடம்பு வற்றினது எப்போது என்றால், "அது வெயில்" என்றார். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தோம். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் மருந்துத் தண்ணீரோடு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள் பிலோமினா. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. கொஞ்சநஞ்சச் சர்க்கரைக்கு இந்த நிறம் வராது.

பிறகு என் பெட்டி. அடிச்சத்தங்களுக்கு அவர் விரல் துள்ளியது. சுருதியை ஏற்ற ஏற்ற விரல் தயங்கியது. அப்புறம் மடியில் விழுந்துவிட்டது. உரக்க வைத்தேன், இன்னும் உரக்க வைத்தேன். பக்கத்தில் நின்ற பிலோமினாவுக்கே வெளியில் கேட்கிறது. அவர் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்து, "ராசம்மா ஏன் போனாள் தெரியுமா?" என்று கேட்டேன்.

முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. "தெரியாது அம்மா. என்ன கோவமோ. வரவர என்னோட கதைக்கிறதே இல்லை. போகேக்கையும் ஒரு சொல் சொல்லேல்லை. ஒரு சொல்லும் சொல்லாமப் போயிட்டாள்."

பிலோமினா வெளியே போய்விட்டாள். ஒரே குடிசைக்குள் ஒருத்தி கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருக்கிறாள், ஒருவர் அவள் பேசமாட்டாளா என்று காத்துக் கிடந்திருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்ட கதையையும் சொன்னேன். "தண்ணி கேட்டவளோ?" என்று மட்டும் கேட்டார். அன்றே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். தோப்பூருக்குப் போய் அவளைக் கூப்பிட மட்டும் மாட்டேன் என்றார். எந்த முகத்தோடு போவது என்றார்.

நாங்கள் போவதாக இருந்த வழிதான் அது. அடுத்தது குறிஞ்சாக்கேணி, அதற்கப்பால் தோப்பூர். கிண்ணியாத் துறையில் கடலோடு கலக்கும் ஆற்றைக் கடக்க ஒரு மிதவை. பலகை அடித்த அந்தத் தட்டின் மேல் பஸ், சைக்கிள், மூட்டை, ஆடு, நான் எல்லாம் ஒன்றாக. நடுத் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தால் அந்தத் துறைமுகம் மறுபடி விரிகிறது. நான் மறுபடி வாயைப் பிளந்தேன். அந்த நேரம் பார்த்து மிதவை கரையில் முட்டியது. ஆடு மிரண்டது. பின்னங்காலால் விட்ட உதையில் என் பெட்டி பலகையில் சறுக்கிப் போய் உப்புத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

மிதவைக்காரர் குதித்து எடுத்துக் கொடுத்தார். மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு சிறு மீன் வந்தது. நான் ஆட்டையும், ஆட்டுக்காரரையும், கிண்ணியாவையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன்.

"ஆட்டுக்கும் காது பாக்க ஆசை வந்திருக்கும்" என்றாள் பிலோமினா. கொன்றுவிடலாம் போல இருந்தது.

மிஞ்சினது இசைக்கவைகள் மட்டும். தட்டினால் ரீங்கரிக்கும் இரு முனை இரும்பு. ஒன்று தடித்த குரல், ஒன்று மெல்லிய குரல். அவற்றை வைத்துக்கொண்டு குறிஞ்சாக்கேணியில் பிலோமினாவுக்குத் தெரிந்த சுபைதா ராத்தா வீட்டில் உட்கார்ந்தேன். ராத்தா என்றால் அக்கா. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுற்றி அமர்ந்தார்கள். எருமைத் தயிரும் பனம்பாணியும், அதாவது பனைவெல்லப் பாகும், கொண்டு வந்து வைத்தார் ராத்தா. சர்க்கரையின் கேட்டைப் பற்றிப் பேச வந்தவள் பனம்பாணி விட்டுத் தயிர் சாப்பிட்டால் எப்படி இருக்கும்? வெறும் தயிரைச் சாப்பிட்டேன். அந்தத் தயிருக்குப் பாணி தேவையும் இல்லை, கத்தியால் வெட்டலாம்.

காட்டப் பெட்டி இல்லாததால் கதை சொன்னேன். ஊர் பெயரையும் ஆள் பெயரையும் விட்டுவிட்டு, கடல் கேட்கிற, பெண்சாதி குரல் கேட்காத ஒருவரின் கதை. முதலில் சிரித்தார்கள். தண்ணீர் கேட்ட இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. சுபைதா ராத்தா தாடையில் கை வைத்துக்கொண்டார்.

"எங்கட மனிசனுக்குப் பாங்கு சொன்னாக் கேக்கும், நான் செல்றது கேக்காது. திமிரெண்டு நெனச்சுக் கதையைக் கொறச்சிட்டன். அல்லாஹ்வே, சீனி வருத்தமும் இரிக்கி அவருக்கு. ரெண்டுக்கும் முடிச்சு இரிக்கெண்டு ஆர் கண்டது!"

"எல்லாருக்கும் இருக்காது ராத்தா" என்றேன். "வேறு காரணத்தாலும் காது போகும். சோதித்துப் பார்க்காமல் திமிர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

மறுநாள் காலையில் அந்த முற்றத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் கூப்பிட்டபோது சல்லியில் ஓர் ஆணும் வரவில்லை. இங்கே பெண்சாதிமார் முன்னால் நடக்க, ஆண்கள் ஆட்டுக்குட்டி மாதிரிப் பின்னால் வந்தார்கள். "செவிடோ எண்டு பாக்க இல்லை, சீனி பாக்க வந்தனாங்க" என்று ஒருவர் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டார். சரி, எதற்கு வந்தால் என்ன?

தோப்பூருக்கு ஒரு டிராக்டரின் பின்பெட்டியில் ஏறிப் போனோம். இரு பக்கமும் வயல், இடுப்பு எலும்பு ஒன்றோடொன்று பேசுகிற ரோடு. ராசம்மா தமையன் வீட்டுச் சமையல்கட்டில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "வாங்கோ மிசி" என்றாள். அந்த மெல்லிய குரல், அதுவும் சுவரைப் பார்த்து. சல்லியிலும் இப்படித்தானே பேசியிருப்பாள்.

நான் மெல்லிய குரல் இசைக்கவையைத் தட்டி அவள் காதருகே பிடித்தேன்.

"கேட்கிறதா?"

"ஓம். வண்டு மாதிரி."

"மயில்வாகனத்துக்கு இது கேட்காது."

தடித்ததைத் தட்டினேன். "இது அவருக்கு நன்றாகக் கேட்கும். கடலும் மேளமும் ஆண்களின் குரலும் இந்தப் பக்கம். உன் குரல் அந்தப் பக்கம்."

அவள் மெல்லியதை என் கையிலிருந்து வாங்கி, தானே திருவலையில் தட்டி, காதில் வைத்தாள். மறுபடி தட்டினாள். மறுபடியும். சத்தம் அடங்கும் வரைக்கும் ஒவ்வொரு தரமும் கேட்டாள்.

"அப்ப நான் தண்ணி கேட்டது?"

"அவருக்கு வந்து சேரவே இல்லையம்மா. நீ பேசாமல் போனாய் என்று அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்."

அப்போதுதான் அழுதாள். அழுகையோடு கோபம் வந்தது, என் மேல். "ஏன் இதை முன்னமே ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை? கண் போகும் எண்டியள், கால் போகும் எண்டியள். இதை ஏன் சொல்லேல்லை?"

அந்தக் கேள்வி என்னை இன்றும் சுடுகிறது.

"மாறுமோ?" என்று பிறகு கேட்டாள்.

"போனது திரும்பாது. வருத்தத்தை அடக்கி வைத்தால் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றுதான் நம்புகிறோம். மாத்திரை விடக் கூடாது, பனங்கட்டி தொடக் கூடாது. நீ முதுகுக்குப் பின்னால் நின்று பேசாதே. முகத்துக்கு நேரே நில். கீச்சென்று கத்தாமல் அடிக்குரலில் நிறுத்திச் சொல்."

"ஆம்பிளையள் மாதிரியோ?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். குரலை இறக்கி ஏதோ சொல்லிப் பார்த்தாள். வெளியில் இருந்த தமையன் யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தான். நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்தது. கடைசியாக ஒரு தரம் கரைவலை பார்க்க வேண்டும் என்று பிலோமினாவை விடியற்காலை எழுப்பி இழுத்துக்கொண்டு போனேன். அம்பா ஏறிக்கொண்டிருந்தது. மயில்வாகனம் கயிற்றின் தலையில் நின்றார். ஒரு கன்னம் உப்பித்தான் இருந்தது. மாத்திரை தந்து என்ன, சம்மாட்டியின் மரியாதையை அவர் மறுக்க முடியவில்லை போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு நான் அடி எடுத்து வைத்தேன்.

அதற்குள் கூடைக்காரப் பெண்களிடையே ஒரு சலசலப்பு. சைக்கிள் ஒன்று மணலில் சாய்ந்தது. தமையன் ஓட்டி வந்த சைக்கிள். ராசம்மா இறங்கி நடந்தாள். பெண்கள் நிற்கிற இடத்தைத் தாண்டினாள். மடி இன்னும் கடலில் கிடந்தது. அவள் நிற்கவில்லை. கயிற்றை இழுத்தவர்கள் ஒவ்வொருவராகப் பாட்டை விட்டார்கள். அவள் நேரே போய் அவர் முகத்துக்கு முன்னால், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

பிறகு, அடிவயிற்றிலிருந்து, தடித்த குரலில், ஊர் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.

"மயில்வாகனம்!"

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து வராத பெயர். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவர் அவளையே பார்த்தார். "ஓம்" என்றார். "கேக்குது."

"வீட்டில தேத்தண்ணி இருக்கு" என்றாள் ராசம்மா, ஒவ்வொரு சொல்லாக, அதே குரலில். "பனங்கட்டி இல்லை."

மயில்வாகனம் கன்னத்துக் கட்டியைக் கையில் எடுத்து, ஒரு கணம் பார்த்து, அலைக்குள் எறிந்தார். பிறகு வெறும் வாயோடு அம்பாவுக்கு அடி எடுத்தார். முதல் ஏலேலோ பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது.